ஒரு மொழி, பல மரபு: இலண்டன் பிரெஞ்சுத் தேவாலயமும் ஆண்டின் திருநாள்களும்



இலண்டன் மாநகரின் நடுவே, நாடக அரங்குகளும் கேளிக்கைக் கூடங்களும் நிறைந்த லெஸ்டர் சதுக்கத்துக்கு அண்மையில், ஒரு சிறிய தெருவிலே 'நோத்ர் டாம் து பிரான்ஸ்' என்னும் கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கின்றது. ஆங்கிலேயரின் தலைநகரில் பிரெஞ்சு மொழியில் வழிபாடு நிகழும் இவ்வாலயம் 1865ஆம் ஆண்டில் தோன்றியது. மரிஸ்து சபைக் குருமாரின் பொறுப்பில் அது வளர்ந்தது. முன்னர் அவ்விடத்தில், வட்டச் சுவரிலே பெருங்காட்சிகளைத் தீட்டி மக்களுக்குக் காட்டிய மண்டபமொன்று இருந்தது. அதனையே ஆலயமாக மாற்றினர். 1940ஆம் ஆண்டிலே போர்விமானங்களின் குண்டுகளால் அது சிதைந்தது; பழைய வட்ட வடிவம் மாறாமல் 1955இல் மீண்டும் எழுந்தது.

பிரெஞ்சு பேசுவோர் யாவரும் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பதை நாம் முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, கனடாவின் கியூபெக் மாகாணம், கொங்கோ, கமரூன், ஐவரி கோஸ்ட், எயிற்றி, மொரிசியசு என அம்மொழி வழங்கும் நாடுகள் பல. சிலருக்கு அது தாய்மொழி. வேறு சிலருக்கோ ஆட்சியாளரின் கப்பலில் வந்திறங்கிய மொழி. இவ்வாறு வெவ்வேறு வழியால் ஒரு மொழியை அடைந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் மண்டியிடும்போது, யாருடைய வழக்கம் ஆலயத்தின் வழக்கமாவது? இதற்குச் சட்டங்களால் விடைகாண முயல்வது வீண். ஆண்டுதோறும் சுழன்றுவரும் திருநாள்களே மெல்ல மெல்ல விடை கூறுகின்றன.

திருச்சபையின் ஆண்டு, நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துடன் தொடங்குகின்றது. ஐரோப்பாவில் அது பகல் குறுகி இருள் நீளும் காலம். எனவே பசுந்தழை வளையத்தில் வாரத்துக்கொன்றாக மெழுகுதிரி ஏற்றுவதன் பொருள் அங்கே எளிதில் விளங்கும். மொரிசியசுத் தீவிலோ நத்தார் கோடை காலத்தில் வருவது. 'பிளாம்புவாயன்' மரங்கள் செந்நிறப் பூக்களைச் சொரிந்து நிற்கும் வேளை. அங்கிருந்து வந்தவர் பனியையும் இருளையும் கண்டுதான் அந்த மெழுகுதிரியின் பொருளைப் புதிதாகக் கற்கிறார்.

பாலன் குடிலை எடுத்துக்கொள்வோம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு 1223இல் கிரேச்சியோ என்னுமிடத்தில் அமைத்த காட்சியே குடில் மரபுக்கு ஊற்றென்பர். பிரான்சின் தென்பகுதியான புரோவென்சில் இம்மரபு தனிவளம் பெற்றது. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயங்கள் மூடப்பட்டமையால், மக்கள் 'சந்தோன்' எனப்படும் சிறு களிமண் உருவங்களை வீட்டிலே வைத்துக் குடில் அமைத்தனர். மார்செய் நகரில் 1803இல் தொடங்கிய சந்தோன் சந்தை இன்றும் நடைபெறுகின்றது. அக்குடிலில் இடையரும் அரசரும் மட்டுமல்லர்; மீன் விற்பவள், மாவரைப்பவன், கத்தி தீட்டுபவன், அப்பம் சுடுபவன் எனக் கிராமமே திரண்டு வருகின்றது. ஒவ்வொருவரும் தம் தொழிலுக்குரிய பொருளையே காணிக்கையாக ஏந்திவருவர். பல நாட்டவர் கூடும் சபைக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறென்ன வேண்டும்!

சனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாள். பாதாம் பருப்பின் விழுதை உள்ளடக்கிய வட்டப் பணியாரத்தினுள் ஓர் அவரை விதையையோ பீங்கான் பொம்மையையோ மறைத்துவைப்பர். வீட்டில் மிக இளைய குழந்தை மேசையின்கீழ் அமர்ந்து, எத்துண்டு யாருக்கென்று கூறும். விதையைப் பெற்றவரே அன்றைய அரசர். எதிர்பாராது வாசலுக்கு வரும் ஏழைக்கென ஒரு பங்கு ஒதுக்குவதும் பழைய வழக்கம். லெஸ்டர் சதுக்கத்து ஆலயத்தில் அகதிகளுக்குத் துணைபுரியும் நிலையமொன்று அமைந்திருப்பதை எண்ணும்போது, அந்த ஏழையின் பங்கு வெறும் விளையாட்டன்று என்பது புலனாகும்.

பின்னர் விபூதிப் புதனும் தவக்காலமும் வருகின்றன. குருத்தோலை ஞாயிற்றுக்கு யாழ்ப்பாணத்தவராகிய நமக்குத் தென்னங்குருத்து முற்றத்திலேயே உண்டு. பிரான்சின் வடபகுதியிலோ தென்னையும் இல்லை, பனையும் இல்லை; 'புயி' என்னும் சிற்றிலைச் செடியின் கொம்புகளை மந்திரிப்பர். தென்பகுதியில் ஒலிவக் கிளைகளை ஏந்துவர். இலை வேறாயினும் பவனி ஒன்றே. பெரிய வியாழனன்று ஆலயமணிகள் ஓய்ந்துவிடும். மணிகள் உரோமாபுரிக்குப் பறந்து சென்றனவென்றும், உயிர்த்த ஞாயிறன்று திரும்பும் வழியில் முட்டைகளைச் சொரிந்து வருமென்றும் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்லுவர்.

ஓவியரும் கவிஞருமான ழான் கொக்தோ இவ்வாலயத்தின் ஒரு சிற்றாலயச் சுவர்களில் தீட்டிய சித்திரங்களும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. 1959ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அவற்றைத் தீட்டினார். மங்கள வார்த்தை, சிலுவை மரணம், அன்னையின் விண்ணேற்பு என்பன அவற்றின் பொருள். சிலுவைக் காட்சியில் இயேசுவின் கால்கள் மட்டுமே தெரிகின்றன. மேலே ஒரு கருஞ்சூரியன். மார்ச்சு 25, பெரிய வெள்ளி, ஆகத்து 15 ஆகிய மூன்று திருநாள்களும் அச்சிறு இடத்தில் ஆண்டு முழுவதும் நிலைபெற்றுள்ளன.

ஆகத்து 15, பிரெஞ்சு மக்களுக்கு நாட்டுத் திருநாள் போன்றது. 1638இல் பதின்மூன்றாம் லூயி மன்னன் தன் நாட்டை அன்னைக்கு ஒப்படைத்த காலந்தொட்டு இச்சிறப்பு உண்டு. ஆயினும் கனடாவின் பிரெஞ்சு இனத்தவரான அக்காதியர், 1881இல் அதே நாளைத் தம் தேசிய நாளாகத் தேர்ந்தனர். மன்னனின் நாள், நாடிழந்து சிதறிய மக்களின் நாளும் ஆயிற்று.

மொரிசியசு மக்களுக்குச் செத்தெம்பர் 9 மறக்கவொண்ணாத நாள். நோர்மண்டியில் 1803இல் பிறந்து, மருத்துவராயிருந்து, குருவான சாக் தெசிரே லவால் என்பவர் 1841இல் அத்தீவுக்குச் சென்றார். அடிமைத்தளை நீங்கிய ஏழைகளிடையே பணிபுரிய விரும்பிய அவர், அவர்களைப் பிரெஞ்சுக்கு இழுக்கவில்லை. தாமே அவர்களின் கிரியோல் மொழியைக் கற்றார். 1864ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். 1979இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அவரது கல்லறைக்கு இந்துக்களும் இசுலாமியரும் உட்படப் பல சமயத்தவர் இரவிரவாக நடந்துசெல்வர்.

கொங்கோ நாட்டவரின் வழிபாட்டு முறைக்கு 1988இல் உரோமாபுரி இசைவளித்தது. அதிலே முன்னோரை அழைப்பதும், தாளத்துக்கேற்ப அசைந்து வணங்குவதும் உண்டு. முன்னோரை நினைப்பது எல்லோருக்கும் பொதுவன்றோ! நவம்பர் தொடக்கத்திற் பிரெஞ்சு மக்கள் செவ்வந்திப் பூக்களுடன் கல்லறைகளுக்குச் செல்வர். பிறநாட்டில் வாழ்பவருக்கோ, பூவைக்கக் கல்லறை அருகில் இல்லை. அவர்களுக்கு ஆலயத்திற் செய்யும் வேண்டுதலே கல்லறையும் மலருமாகும்.

நேயர்களே, நமது நாட்டிலிருந்து சென்று இலண்டனிலும் பாரிசிலும் வாழும் தமிழர் இன்று பலர். அவர்தம் பிள்ளைகள் வேற்று மொழியில் வளர்கின்றனர். மொழியும் மரபும் அறிவுரையால் மட்டும் பிள்ளைகளைச் சென்றடைவதில்லை. மேசையின்கீழ் அமர்ந்து பங்கு கூறிய குழந்தை அந்நாளை மறப்பதில்லை. குருத்தோலையைத் தன் கையால் மடித்த குழந்தையும் அவ்வாறே. தன் திருநாளை உண்மையாகக் கொண்டாடுபவனே அயலான் திருநாளையும் மதிக்கக் கற்பான். அவ்வட்ட ஆலயத்தில் கூடும் மக்கள் நமக்கு அளிக்கும் செய்தி இதுவே.