வெளிச்சம் சொன்ன பொய்

பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கே, பள்ளிக்கூடத்தில் இதுக்கு ஒரு பாடமான்னு எதிரணி அம்மா கேட்டாங்க. வாயால சொன்ன பொய்யைப் பிடிச்சிடலாம் அம்மா. வெளிச்சம் சொல்ற பொய்யை?

நான் ஒன்பதாம் வகுப்பு வாத்தியார். பழைய சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றைச் சத்தமே இல்லாம போட்டுக் காட்டினேன். கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள்.

"சார், முதல்ல அந்த அக்கா இருட்டுல தலைகுனிஞ்சு நிக்கிறாங்க. கடைசியில ஒரே வெளிச்சம், சிரிப்பு, கையில வேலை உத்தரவு. லைட்டைப் போட்டாலே பாதிச் சிவப்பு வந்திடும் சார்!"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா நான் பூசினது?"