தவளைக்குத் தொண்டு செய்யக் கடல் கடப்பதா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சில மாதங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். அழிந்துவரும் தவளைகளைக் காப்பதற்காகத் தொண்டர்கள் அயல்நாடு செல்கிறார்கள் என்பது செய்தி. வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்வரிசையிலிருந்து நம் குடியிருப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தவளைக்குப் பணிவிடை செய்யக் கடல் கடந்து போகிறார்களா? நம் தெருவுக்கு ஒரு தொண்டரும் வந்ததில்லையே!" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. நான் வரலாறு படித்தவன். அன்று அவளுக்கு முழு விடை கூற இயலவில்லை. அதன்பின் தேடிப் படித்து அறிந்ததை இன்று இந்த அவையின்முன் வைக்கிறேன்.

மத்திய அமெரிக்காவில் பனாமா என்றொரு சிறு நாடு உண்டு. அங்கே அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் அமைந்த ஊர் எல் வாயே. அவ்வூரைச் சூழ்ந்த மலையோடைகளில் பொன்னிறத் தவளை ஒன்று வாழ்ந்தது. உயிரியல் வகைப்பாட்டின்படி அது தேரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் முன்னங்காலை உயர்த்தி அசைத்துத் தன் இனத்துக்குச் செய்தி சொல்லும். பனாமா மக்கள் அதனைத் தம் நாட்டின் சின்னமாகவே போற்றுகிறார்கள்.

அந்நாட்டுத் தவளைகளை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. அப்பூஞ்சை தோலில் பற்றும். தவளை தோல் வழியாகவே நீரையும் உப்புகளையும் ஏற்பது. தோல் கெட்டால் குருதியில் உப்புகளின் அளவு குலைந்து இதயம் நின்றுவிடும். பூஞ்சை ஆசியாவின் கிழக்குப் பகுதியில் தோன்றி, மனிதர் நடத்திய உயிரின வாணிகத்தால் உலகெங்கும் பரவியது என்பது அறிஞர் முடிவு. 2004-ஆம் ஆண்டில் அது எல் கோப்பே காட்டை அடைந்தது. கேரன் லிப்ஸ் என்னும் அறிஞரின் குழுவினர் ஓடைக்கரைகளில் இறந்து கிடந்த தவளைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். நோய் கிழக்கு நோக்கி நகர்வதையும், அடுத்து எல் வாயேயை எட்டும் என்பதையும் அறிந்தனர்.

காலம் குறுகியது; காப்பகக் கட்டடமோ முடியவில்லை. 2006-ஆம் ஆண்டில் எட்கார்டோ கிரிஃபித் என்னும் பனாமா நாட்டு உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் காட்டுத் தவளைகளைப் பிடித்துவந்து, ஒரு தங்கும் விடுதியின் அறைகளை வாடகைக்கு எடுத்து, அவற்றில் குடிவைத்தனர். அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளின் பணியாளர்களும் தொண்டர்களும் கடல் கடந்து வந்து துணைநின்றனர்.

அங்கே அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? தொட்டி கழுவுதல்; கழிவு படிந்த ஈரத் தாளை அகற்றிப் புதுத் தாள் விரித்தல்; இரைக்காகப் பழ ஈக்களை வளர்த்தல்; செத்ததை அகற்றுதல். பட்டம் பெற்றவர்கள் முழங்காலிட்டு இவற்றைச் செய்தார்கள்.

இதைப் படித்தபோது என் நெஞ்சில் ஒரு பழைய காட்சி எழுந்தது. ஊரில் மாடு செத்தால் என் தந்தையாரைத்தான் அழைப்பார்கள். அவர் மறுக்க முடியாது. கூலி பேச முடியாது. வெறுங்கையால் இழுத்துச் செல்வார். அன்று மாலை அதே தெருவில் அவர் செருப்பணிந்து நடக்கவும் முடியாது.

அவர் செய்ததும் செத்ததை அகற்றும் வேலை. பனாமாவில் செய்ததும் அதே வேலை. பின் வேறுபாடு எங்கே? அங்கே வந்தவர் தாமே விரும்பி வந்தார். அவர் கையில் உறை இருந்தது. செத்த தவளையும் நிறுக்கப்பட்டு ஏட்டில் பதிவாயிற்று, அறிவாயிற்று. வேலை முடிந்தபின் அவர் எல்லோருடனும் ஒரே மேசையில் உண்டார். இளைஞர்களே, வேலையில் இழிவில்லை. மறுக்கும் உரிமை இல்லாமையே இழிவு. மறுக்க முடிந்தவன் மனமுவந்து செய்வதே தொண்டு; மறுக்க முடியாதவன் செய்வது அடிமை ஊழியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவில்லாத அன்பு கேடாகவும் முடியும். தொண்டரின் காலணிச் சேற்றிலேயே பூஞ்சை ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குச் செல்லக்கூடும். ஆதலால் காலணியை மருந்து நீரில் கழுவாமல் காட்டில் இறங்கக் கூடாது. ஒரு தவளையைத் தொட்ட கையுறையோடு மற்றொன்றைத் தொடக் கூடாது. உதவ வந்தவர் முதலில் கற்க வேண்டும். அவ்வூர் மக்களின் சொல் கேட்டு நடக்க வேண்டும்.

பலன் கண்டார்களா என்று கேட்பீர்கள். பொன்தவளை காட்டில் இறுதியாகக் காணப்பட்டது 2009-இல். அதன்பின் அவ்வினம் மனிதர் காவலில் காக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பனாமா இருவாழ்வி மீட்புத் திட்டம் தொடங்கிற்று. 2017-இல் அதன் உறவினமாகிய லிமோசா தவளைகள் ஏறத்தாழ 90 சோதனையாகக் காட்டில் விடப்பட்டன. முழு வெற்றி இல்லை. ஆனால் முற்றும் தோற்கவில்லை.

தவளையால் மனிதருக்கு என்ன என்று எண்ணாதீர். கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் தவளைகள் மடிந்த பகுதிகளில் பின்னர் மலேரியா மிகுந்தது என 2022-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கொசு பெருகினால் காய்ச்சல் முதலில் நுழைவது கதவில்லாத குடிசைக்குள்தான். உலகின் இருவாழ்வி இனங்களில் நூற்றுக்கு 41 அழியும் நிலையில் உள்ளன என்பது 2023-ஆம் ஆண்டுக் கணக்கு.

இனி அம்மாணவிக்கு என் விடை. மகளே, நம் தெருவுக்குத் தொண்டர் வரவேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதனை விடாமல் கேள். ஆனால் உதவி பெறுபவர்களாக மட்டுமே நம்மை எண்ணிக்கொள்ளாதே. உலகத்துக்கு உதவும் உரிமையும் நமக்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அன்று அவருக்குத் திறந்த கதவு உனக்கு மூடப்படவில்லை.

இளைஞர்களுக்கு நடைமுறையில் மூன்று சொற்கள். உயிரியலையும் ஆங்கிலத்தையும் ஊன்றிப் படியுங்கள். பனாமா செல்ல ஸ்பானிய மொழியும் வேண்டும். தொண்டு என்ற பெயரில் பெருந்தொகை கேட்கும் நிறுவனங்கள் உண்டு. வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள். உணவும் உறைவிடமும் தரும் பயிற்சி இடங்களைத் தேடுங்கள். அதுவரை நம் ஏரிக்கரையில் மழைக்காலத்தில் கத்தும் தவளைகளை இனம் பிரித்துக் குறிப்பெழுதிப் பழகுங்கள். அந்த ஏடே உங்கள் முதல் தகுதிச் சான்று.

சங்கப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக, கடவுச்சீட்டு எடுக்கவும் அயல்மொழி கற்கவும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். நம்மைக் கிணற்றுத் தவளைகள் என்றவர்கள் உண்டு. கிணற்றடிக்கே விடாதவர்கள் அவர்கள்! நம் பிள்ளைகள் ஏழு கடலும் கண்டு வரட்டும்.