மஹாபொலவும் பர்சரியும்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்ட வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கெம்பஸ் போனா செலவுக்கு என்ன செய்றது?" என்பதுதான்.

அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு. அதற்குத்தான் 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மஹாபொல புலமைப்பரிசில். இதில் ஒரு பகுதி உயர்தர இசட் புள்ளிக்கு, பெரும்பகுதி குடும்ப வருமானம் பார்த்துத் தரப்படும். அது கிடைக்காதவர்களுக்குப் பர்சரி எனும் உதவிப்பணம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ரூபாவாகவும் கூட்டப்பட்டன.

மஹாபொலத் தொகை பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்றுதான். மாறுவது வாழ்க்கைச் செலவு. ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும்போது பாடநெறியோடு தூரத்தையும், விடுதி கிடைக்குமா என்பதையும் பாருங்கள்.

மஹாபொல, பர்சரி விண்ணப்பத்துக்கான வருமானச் சான்றிதழைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் ஒப்பம், பிரதேச செயலகத்தின் உறுதி, அப்பா அம்மாவின் சம்பளத் துண்டு எல்லாம் தேவை. தோட்டத்துச் சம்பளத் துண்டில் முற்பணம், தொழிற்சங்கச் சந்தா எல்லாம் கழிந்துதான் கைக்காசு வரும். படிவம் கேட்பது மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்று வாசித்தே நிரப்புங்கள்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் வழியாகவும் புலமைப்பரிசில் உண்டு. அங்கேயும் விசாரியுங்கள்.