தரம் பிரிப்பதில் நீதம் வேண்டும்

(வார இறுதிக் கால்பந்து லீக் போட்டியின் அமைப்பாளர்களும் அணிப் பொறுப்பாளர்களும் கூடிய ஆலோசனை அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாரமெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஒரேயொரு நாள் மட்டும் பந்தைத் தொடுகின்ற பெரியவர்களின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காக நாம் இங்கே கூடியிருக்கின்றோம். இவர்கள் ஊதியத்திற்காக ஆடுபவர்கள் அல்லர். தம் கைக்காசைச் செலவழித்துச் சீருடை வாங்கி, மைதான வாடகையும் கட்டி ஆடுகின்றவர்கள். இதற்கு ஈடாக அவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: சமமான ஓர் ஆட்டம். அது அவர்களுக்குக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் மைதானத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. போட்டி தொடங்குவதற்கு முன்னரே, எந்த அணியை எந்தப் பிரிவில் வைப்பது என்று அமைப்பாளர்கள் அமர்ந்து முடிவு செய்கின்றார்களே, அந்த அறையில்தான் தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே அந்த முடிவு நீதமாக அமைய வேண்டும் என்பதையே இன்று நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

பொருந்தாத ஆட்டமும் பொருந்திய ஆட்டமும்

1885ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், ஸ்காட்லாந்துக் கோப்பைப் போட்டியில் ஆர்பிரோத் அணி, பான் அக்கார்ட் அணியை 36-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. அதே நாளில், அதே போட்டியில், டண்டீ ஹார்ப் அணி அபர்டீன் ரோவர்ஸ் அணியை 35-0 என்று வென்றது. இவற்றை இன்றும் சாதனைப் பட்டியலில் படிக்கின்றோம். ஆனால் அன்று மைதானத்தில் நின்ற நாற்பத்து நான்கு பேரில் எவருக்கேனும் நல்ல ஆட்டம் கிடைத்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்திலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் நடைபெற்ற உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், அமெரிக்க சமோவா என்னும் சின்னஞ்சிறு தீவின் அணி ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. கடவுச்சீட்டுச் சிக்கலால் அத்தீவின் வழமையான வீரர்கள் பலரும் ஆட இயலாமற் போக, பதினைந்து வயதுச் சிறுவர்களும் களமிறக்கப்பட்டிருந்தனர். ஆர்ச்சி தாம்சன் என்ற ஒரே வீரர் 13 கோல்கள் அடித்தார். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் அதே ஆஸ்திரேலியா, டோங்கா அணியை 22-0 என்று வென்றிருந்தது.

அதன் பின்னர் முறை மாற்றப்பட்டது. 2006 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதற்கட்டத்தில் ஆடவில்லை. சிறிய தீவுகள் முதலில் தங்களுக்குள் ஆடின. இதே வழியில், 2011ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்க சமோவா தனக்கு நிகரான டோங்காவைச் சந்தித்தது. 2-1 என்று வெற்றியும் பெற்றது. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அத்தீவு பெற்ற முதல் வெற்றி அது. 31 கோல்களை வாங்கிய நிக்கி சலாபு என்பவரே அன்றும் கோல்காப்பாளராக நின்றார். அடுத்த ஆட்டத்தில் குக் தீவுகளுடன் 1-1 என்று சமன் செய்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர்கள் ஆஸ்திரேலியாவை வெல்லும் ஆற்றலைப் பெற்றுவிடவில்லை. தமக்குப் பொருந்திய எதிரணியைப் பெற்றார்கள், அவ்வளவே. கேலிக்கு ஆளாகியிருந்த மனிதர், பொருத்தமான இடத்தில் நிறுத்தப்பட்டபோது வெற்றியாளராக வீடு திரும்பினார்.

வார இறுதி லீக் போட்டிகளிலும் இதுவே நடக்கின்றது. முதல் வாரம் எட்டு கோல், இரண்டாம் வாரம் பத்து கோல் என்று வாங்குகின்ற அணியில் மூன்றாம் வாரம் பதினொரு பேர் சேர மாட்டார்கள். ஐந்தாம் வாரம் அந்த அணியே வராது. எதிரணியினர் வேலையை விட்டு வந்து, ஆடாமலே புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு திரும்புவர். ஆண்டு முடிவில் கோப்பை ஒருவர் கையில் இருக்கும். லீக் பாதியாகச் சுருங்கியிருக்கும். வலிமையான அணிக்கும் இதில் இழப்பே அன்றி இலாபம் இல்லை.

இங்கிலாந்தின் அனுபவம்

கால்பந்து லீக் என்ற அமைப்பு 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 12 அணிகளுடன் தொடங்கியது. அணிகள் பெருகவே, 1892இல் இரண்டாம் பிரிவு உருவாக்கப்பட்டது. மேலே செல்வோர் யார், கீழே இறங்குவோர் யார் என்பதைத் தீர்மானிக்கச் சோதனை ஆட்டங்கள் என்ற முறை வைக்கப்பட்டது.

1898இல் அம்முறையின் பலவீனம் வெளிப்பட்டது. கடைசிச் சோதனை ஆட்டத்தில் ஸ்டோக் அணியும் பர்ன்லி அணியும் மோதின. ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணிகளுக்குமே முதற் பிரிவில் இடம் உறுதி என்ற நிலை. எதிர்பார்த்தபடியே 0-0 என்று முடிந்தது. மக்களிடம் எழுந்த அதிருப்தியால் சோதனை ஆட்ட முறை கைவிடப்பட்டது; பட்டியலின் முடிவைக் கொண்டே அணிகள் ஏறவும் இறங்கவும் செய்யும் முறை அடுத்த பருவத்திலிருந்து வந்தது. மனிதர்களின் நேர்மையை மட்டும் நம்பி விதி வகுத்தால் போதாது. நேர்மையாக ஆடுவதே ஆதாயம் என்னும் வகையில் விதி அமைய வேண்டும் என்பது இதில் நாம் பெறும் படிப்பினை.

ஊதியமின்றி ஆடுவோரின் லீக்குகளும் இதே ஏணி முறையைத்தான் பின்பற்றுகின்றன. இலண்டனில் ஹாக்னி மார்ஷஸ் என்ற பரந்த வெளி உள்ளது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கப்பட்ட அந்நிலத்தில், ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்பந்துத் திடல்கள் இருந்தன. ஞாயிறு காலையில் அங்கு ஆடுவோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைக்கும் மக்கள். அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் போட்டு ஆடச் சொல்ல இயலுமா? பல பிரிவுகளாகப் பிரித்து, ஆண்டுதோறும் மேலே இருவர், கீழே இருவர் என்று மாற்றுவதால்தான் புதியவரும் மூத்தவரும் ஒரே லீக்கில் நீடிக்க முடிகின்றது.

எளிய ஒரு கணக்கு

பதினாறு அணிகள் பெயர் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 15 ஆட்டங்கள்; மொத்தம் 120 ஆட்டங்கள். இவற்றில் பெரும்பகுதி, தொடங்கும் முன்பே முடிவு தெரிந்த ஆட்டங்களாகவே இருக்கும். மாறாக, எட்டெட்டாக இரண்டு பிரிவுகள் வைத்து இருமுறை ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். மொத்தம் 112 ஆட்டங்கள். ஏறத்தாழ அதே வாரங்கள், அதே வாடகை, அதே நடுவர்கள். ஆனால் ஆட்டங்களில் பெரும்பாலானவை உண்மையான ஆட்டங்களாக இருக்கும். செலவு கூடாமல் நீதம் கூடுகின்றது என்றால், அதை மறுப்பதற்கு நமக்கு என்ன காரணம் இருக்கின்றது?

எதைக் கொண்டு தரம் பிரிப்பது?

முதலாவது, சென்ற ஆண்டின் முடிவு. இது நல்ல சான்றுதான். எனினும் முழுமையான சான்று அன்று. அணியின் பெயர் அப்படியே இருக்க, ஆடுவோரில் பாதிப்பேர் மாறியிருப்பர். வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர், முழங்கால் வலியால் ஒதுங்கியவர், புதிதாக வந்து சேர்ந்த இளைஞர் என்று எத்தனையோ மாற்றங்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல், இந்த ஆண்டு பதிவு செய்துள்ள வீரர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தரம் காணும் ஆட்டங்கள். பதினாறு அணிகளை நான்கு நான்காக நான்கு குழுக்கள் ஆக்கலாம். சென்ற ஆண்டு முதல் நான்கு இடம் பெற்றவர்கள் ஒரே குழுவில் சேராதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரங்களில் குழு ஆட்டங்கள் முடிந்துவிடும். முதலிடம் பெற்றவர் மேற்பிரிவுக்கும், நான்காமிடம் பெற்றவர் அடுத்த பிரிவுக்கும் செல்வர். ஐயத்திற்கு இடமானவர்கள் இரண்டாம், மூன்றாம் இடத்தவரே. ஒரு குழுவில் மூன்றாவதாக வந்தவர், இன்னொரு குழுவில் இரண்டாவதாக வந்தவரை விட வலிமையானவராக இருக்கக்கூடும். எனவே நான்காம் வாரத்தில் அவ்விருவரையும் நேருக்கு நேர் ஆட விட்டால் எல்லைக்கோடு தெளிவாகிவிடும்.

மூன்றாவது, மதிப்பெண் முறை. சதுரங்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்த கணக்கு இது. 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும், 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் இதனை ஏற்றன. ஃபிஃபாவும் 2003இல் பெண்கள் அணிகளின் தரவரிசைக்கும், 2018இல் ஆண்கள் அணிகளின் தரவரிசைக்கும் இதன் அடிப்படையிலான முறையைக் கைக்கொண்டது. வலியவரை வென்றால் மதிப்பெண் அதிகம் கூடும். எளியவரை வென்றால் சிறிதே கூடும். இதுவே அதன் சாரம். இருவருக்கிடையே 200 மதிப்பெண் வேறுபாடு இருந்தால், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற கணக்கில், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் வலியவருக்குச் சேரும் என்று அக்கணக்கு சொல்கின்றது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நமக்கென்று நம்பகமான ஓர் அளவுகோல் உருவாகிவிடும். ஆனால் மூன்றே ஆட்டங்களைக் கொண்டு பெறும் மதிப்பெண்ணை அறுதியான தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அடைக்க வேண்டிய வாசல்கள்

கோப்பை ஆசையால் வலிய அணியொன்று வேண்டுமென்றே தோற்று, கீழ்ப்பிரிவுக்குச் சென்று, அங்கு எளியவர்களை வென்று பரிசு பெற முயல்வதுண்டு. இது எளியவரின் உரிமையைப் பறிப்பதாகும். இதைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் தேவை. பிரிவு ஆட்டங்கள் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒருமுறை மறு ஆய்வு செய்து, பொருந்தாத அணியை மாற்றும் அதிகாரம் அமைப்பாளர்களுக்கு இருக்க வேண்டும். மேற்பிரிவில் ஆடியவர் அதே பருவத்தில் கீழ்ப்பிரிவு அணிக்கு இரவலாக வந்து ஆடக்கூடாது. முதலிடம் பெற்ற அணி அடுத்த ஆண்டு மேலே செல்ல மறுக்கக்கூடாது.

கோல் வேறுபாட்டைக் கணக்கிடும்போது ஓர் ஆட்டத்திற்கு நான்குக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வரம்பு கட்டுவதும் நல்லது. நான்கு கோல் முன்னிலை பெற்ற அணி, எதிரணியை மேலும் அவமானப்படுத்த வேண்டிய அவசியம் அப்போது இராது. பருவத்தின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவின் ஆட்டங்கள் முடிந்த மறுநாள், தமக்கு எந்த முடிவு தேவை என்பதை அறிந்துகொண்டே மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் களமிறங்கின. மேற்கு ஜெர்மனி 1-0 என்று வெல்ல, இரண்டும் அடுத்த சுற்றுக்குச் சென்றன, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் குழுவின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுவது இதனால்தான்.

அமைப்பாளர்களே!

உங்கள் மகனோ, மருமகனோ, தெருக்காரரோ ஆடும் அணியின் இடம் குறித்துப் பேச்சு வரும்போது, நீங்கள் அந்த முடிவிலிருந்து விலகியிருங்கள். எந்த அளவுகோலால் பிரிக்கப் போகின்றீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். பிரித்த பின், ஒவ்வோர் அணிக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். முறையீடு செய்ய ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். காரணம் சொல்லப்பட்ட முடிவை, அது தமக்குப் பிடிக்காததாயினும், மக்கள் பொறுத்துக்கொள்வர். காரணம் மறைக்கப்பட்டால் சரியான முடிவும் சந்தேகத்திற்கு உள்ளாகும்.

அணிப் பொறுப்பாளர்களே!

இரண்டாம் பிரிவு என்றால் இரண்டாந்தர மனிதர்கள் என்று பொருளன்று. உங்கள் வீரர்களின் இன்றைய ஆற்றல் எங்கே நிற்கின்றது என்பதற்கான அடையாளம்தான் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் அணி பெற்ற கோப்பையைக் காட்டி இன்று மேற்பிரிவில் இடம் கேட்பது, இன்று ஆடப் போகும் சகோதரர்களுக்குச் செய்யும் அநியாயமாகும். பெருமை நமக்கு, பத்து கோல் அவர்களுக்கு! ஏணியின் வாசல் இருபுறமும் திறந்தே இருக்கின்றது. இவ்வாண்டு கீழே ஆடி வென்றால், அடுத்த ஆண்டு மேலே செல்வீர்கள்.

நிறைவாக, ஒரு பிரிவு சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய வழியொன்றைச் சொல்கின்றோம். பருவத்தின் கடைசி வாரத்தில், பட்டியலில் கடைசி இடத்திலுள்ள அணிக்குப் பதினொரு பேர் வந்து சேர்கின்றார்களா என்று பாருங்கள். வந்தால், நீங்கள் பிரித்தது சரி. வராவிட்டால், கோப்பை வழங்கும் மேடையை அலங்கரிப்பதற்கு முன், அந்த அணியின் பொறுப்பாளரை அழைத்து அமர வைத்து, அடுத்த ஆண்டுக்கான ஆலோசனையை அவரிடமிருந்து தொடங்குங்கள்.