உள்ளங்கை அகல ரப்பர்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "உனக்குப் பதினைந்து நிமிஷம். பையன்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசு" என்றார். "டயரைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டயர்ல என்னப்பா பேச இருக்கு? கறுப்பா இருக்கும், வட்டமா இருக்கும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2019 வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பாதிக்கப்பட்ட ஆள் முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். விடுதியில் மூன்று வருஷம் என் அறைத்தோழர். பெயர் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

2018 கடைசியில் என் வண்டிக்குப் பின் டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வண்டி. பின்னால் 150/60 ஆர் 17, முன்னால் 110/70 ஆர் 17. ஒரு கடை வாசலில் அதே அளவு டயர் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி விலை. "சார், புதுசு சார், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல" என்றார் கடைக்காரர். நகத்தை விட்டுப் பார்த்தேன். பட்டன் ஆழமாக, பளபளவென்று இருந்தது. வாங்கிப் போட்டேன். ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடித்த பெருமை ஒரு ஏழு மாசம் இருந்தது.

2019 ஜூனில் நாங்கள் இரண்டு பேரும் வால்பாறை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலம் அப்போதுதான் முதல் தூறல் விழுந்திருந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, முப்பதைத் தாண்டியிருக்காது. ஒரு வளைவுக்குள் சாய்ந்துகொண்டே மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். அவ்வளவுதான். பின் சக்கரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெளியே போய்விட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு அடியில் மாட்டிய என் நண்பருக்கு இடது கணுக்கால் உடைந்தது. தகடு, ஆறு திருகு, நாலு மாசம் ஊன்றுகோல். அந்தச் சமயம் அவருக்கு வெளிநாட்டு வேலைக்கான கடிதம் கையில் இருந்தது. அந்த வேலைக்கு அவர் போகவில்லை. இதை அவர் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டபோது, அங்கிருந்த பெரியவர் பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "என்ன தம்பி, ரப்பரு பிளாஸ்டிக் மாதிரி இருக்கு?" என்றார். பக்கவாட்டைத் துடைத்துக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள்: 2614. 2014-ஆம் ஆண்டின் 26-ஆவது வாரம் தயாரானது. நான் 'புதுசாக' வாங்கியபோதே அதற்கு நாலு வயசு தாண்டிவிட்டது. நிழலில் அடுக்கி வைத்திருந்தால் அந்த வயசு அவ்வளவு பெரிய குற்றமில்லை. அது வெயிலில் தொங்கிய டயர். வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரை இறுக வைத்துவிட்டன. பட்டன் இருந்தது, பிடிப்பு இல்லை.

ரப்பரின் பிடிப்பை நாம் முதல் வருஷ பௌதிகத்தில் படித்த உராய்வு விதியை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ரப்பர் பாதி ஸ்பிரிங், பாதி கெட்டியான பாகு மாதிரி நடந்துகொள்ளும் பொருள். சாலையில் இருக்கும் சின்னச் சின்னக் கல் முனைகள் மேல் அது இறங்கி, அவற்றைச் சுற்றிக்கொள்கிறது. நகரும்போது உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் சக்தி செலவாகிறது. அந்தச் செலவுதான் பிடிப்பின் பெரும் பகுதி, அதிலும் ஈரச் சாலையில். காய்ந்த சாலையில் ரப்பர் தரையோடு ஒட்டுவதும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரும் அழுக்கும் இடையில் வந்தால் ஒட்டுவது குறைந்துவிடும். அப்போது கல்லைச் சுற்றிக்கொள்ளும் மென்மைதான் காப்பாற்ற வேண்டும். என் டயரில் அந்த மென்மை போய்விட்டிருந்தது. இதையெல்லாம் பாலிமர் பாடத்தில் நம் சார் நடத்தினார். நான் கடைசி பெஞ்சில் தூங்கினேன். (சார், மன்னிக்கணும்.)

ஒரு சின்னக் கணக்கு. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கி.மீ. வேகத்தில் திரும்ப, உராய்வுக் குணகம் 0.47 வேண்டும். வண்டி சுமார் 25 டிகிரி சாயும். அதே வளைவை 40-ல் எடுத்தால் 0.84, சாய்வு 40 டிகிரி. பத்து கி.மீ. கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம், ஏனென்றால் வேகம் இருபடியில் வருகிறது. இப்போது ஈரச் சாலையும் டயரும் சேர்ந்து 0.6 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ல் திரும்புவதற்கே 0.47 போய்விட்டது. பிரேக்குக்கு மிச்சம் 0.13 என்று நினைக்காதீர்கள். இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் பிதாகரஸ் கணக்குப்படி 0.37 மிச்சம். நிதானமாகப் பிரேக் பிடிக்கலாம். டயர் இறுகிப்போய் 0.5-தான் தருகிறது என்றால்? மிச்சம் வெறும் 0.17. கியர் இறக்கியதில் எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்த இழுப்பே அதைத் தின்றுவிடும். வால்பாறையில் நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அடுத்த டயரை எப்படித் தேர்ந்தெடுத்தேன்? கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இந்த முறை மூன்று மாதம் படித்தேன். எங்களைப் போல் தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை மலை, வருஷம் ஒரு நெடும்பயணம் என்று ஓட்டுகிறவர்களுக்கு 'ஸ்போர்ட் டூரிங்' என்று ஒரு வகை டயர் இருக்கிறது. மிஷலின் ரோட், பிரெல்லி ஏஞ்சல் ஜிடி, மெட்ஸெலர் ரோட்டெக், டன்லப் ரோட்ஸ்மார்ட் எல்லாம் இந்தக் குடும்பம். மதுரையில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் யூரோகிரிப்பும் ரோட்ஹவுண்ட் என்று ஒன்று செய்கிறது. எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே கேள்வி கேட்டு வாங்குவீர்கள்.

பந்தய டயர் மென்மையானது, ஆனால் சூடேற வேண்டும். ரேஸ் டிராக்கில் அதற்குப் போர்வை போர்த்திச் சூடாக்குகிறார்கள். ஊட்டியில் டிசம்பர் மாதம் காலை ஆறு மணிக்குப் போர்வை நமக்கே போதவில்லை. ஸ்போர்ட் டூரிங் ரப்பர் குளிரிலும் முதல் கிலோமீட்டரிலிருந்தே ஓரளவு வேலை செய்யும்படி கலக்கப்பட்டது. இதற்குப் பெரிய உதவி சிலிகா. பழைய காலத்தில் ரப்பருக்கு வலு சேர்க்கக் கார்பன் கரியை மட்டும் போட்டார்கள். 1990-களில் கார் டயர்களில் அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிகா பரவலாக வந்தது, பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. ஈரத்தில் பிடிப்பும் கூடும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பறிக்கும் இந்த உலகத்தில் இரண்டையும் கொடுத்த அபூர்வப் பொருள்.

அடுத்தது இரட்டை ரப்பர். நம் ஊர்ப் பயணத்தில் சென்னையிலிருந்து சேலம் வரைக்கும் நாலுவழிச் சாலையில் நேராகத்தான் போகிறோம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. ஓரங்களுக்கு வேலை வருவது மலையில்தான். அதனால் பல டயர்களில் நடுவே கெட்டி ரப்பர், இரு ஓரத்திலும் மென்மையான ரப்பர் வைக்கிறார்கள். கேட்க அழகான யோசனை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நேராக ஓடும்போது போடும் அவசர பிரேக் நடு ரப்பரில்தான் விழுகிறது. கெட்டி ரப்பர் என்பதற்காக அங்கே பிடிப்பைக் கோட்டைவிட்ட டயரை நான் வாங்க மாட்டேன். 80 கி.மீ. வேகத்தில் 0.8 குணகம் இருந்தால் ஏறக்குறைய 31 மீட்டரில் நிற்கலாம், 0.5 என்றால் 50 மீட்டர். நடுவில் இருக்கிற அந்தப் பத்தொன்பது மீட்டரில் ஒரு மாடு நிற்கலாம், ஒரு குழந்தையும் நிற்கலாம்.

பிடிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓட்டுகிறவர்கள் 'ஃபீல்' என்று சொல்வது. பலர் இதைச் சொகுசு என்று நினைக்கிறார்கள். இல்லை. பிடிப்பு என்பது வங்கியில் இருக்கும் பணம். ஃபீல் என்பது பாஸ்புக். எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் செலவு செய்தால் என்ன ஆகும்? நல்ல டயர் வழுக்குவதற்கு முன் சொல்லும். கைப்பிடியில் லேசாக ஒரு தளர்வு, சீட்டில் ஒரு சின்ன நெளிவு. 'அண்ணே, போதும்' என்கிற மாதிரி. என் பழைய டயர் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பேச்சு வருவது 'கார்கஸ்' என்னும் உள்கூட்டிலிருந்து. நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பயாஸ் டயரில் பக்கச் சுவரும் மேல்புறமும் ஒன்றோடொன்று கட்டுண்டு நெளியும். ரேடியலில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகின்றன. அதற்கு மேலே ஒரு பெல்ட், பல டயர்களில் எஃகுக் கம்பி, சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றியிருக்கும். பக்கச் சுவர் நெளிந்து பள்ளத்தை வாங்கிக்கொள்ளும், மேல்புறம் தரையில் படுத்திருக்கும், சூடும் குறைவு. ஆனால் அதிகக் கெட்டியான கூடு நம் ஊர்ச் சாலையில் கல் எல்லாவற்றையும் கைக்கு அனுப்பிச் சலிப்பூட்டும், அதிக நெகிழ்வு கொழகொழவென்று இருக்கும். இதை எண்ணில் சொல்ல முடியாது. நண்பர் வண்டியில் அதே டயர் இருந்தால் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

தேய்மானத்துக்கு வருவோம். எல்லாரும் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் வரும்?" நான் கேட்பது, "தேயும்போது எந்த வடிவத்தில் தேயும்?" நெடுஞ்சாலையில் நடு மட்டும் தேய்ந்தால் டயர் சதுரமாகிவிடும். பட்டன் இன்னும் பாக்கி இருக்கும், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் வளைவில் சாய்க்கும்போது முதலில் வண்டி அடம்பிடிக்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் தொபுக்கென்று விழும். நான் இப்போது ஆழம் அளக்கும் சின்னக் கருவியால் ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை நடுவிலும் ஓரத்திலும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். என் மனைவி இதை ஜாதக நோட்டு என்கிறாள். ஓரம் அப்படியே இருந்து நடு வேகமாக இறங்கினால், காற்று அதிகமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம். நல்ல ஜோடி 18,000 ரூபாய், 12,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். மலிவான கெட்டி ஜோடி 12,000 ரூபாய், 15,000 கி.மீ. என்றால் 80 பைசா. வித்தியாசம் 70 பைசா. லிட்டர் நூறு ரூபாய் சுற்றி விற்கும் பெட்ரோலுக்கு 28 கி.மீ. கொடுக்கும் வண்டியில் எரிபொருள் மட்டும் மூன்றரை ரூபாய். நான் 2018-ல் மிச்சம் பிடித்தது, ஆஸ்பத்திரி பில்லில் ஒரு எக்ஸ்ரேவுக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது.

மாணவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள், வேகமாக. பார்வைக்காகப் பெரிய டயர் போடாதீர்கள். அதே ரிம்மில் அகல டயரைப் போட்டால் ரிம் அதைக் கிள்ளிப் பிடித்து உச்சியைக் கூராக்கும். தரையில் படுவது கூடாது, வண்டி திரும்புவதுதான் மாறிப்போகும். பக்கவாட்டில் 66எச் என்று இருந்தால் 300 கிலோ, 210 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று பொருள். கம்பெனி சொன்னதற்குக் குறைவாகப் போடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே குடும்பமாக இருப்பது நல்லது. அம்புக்குறியைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கி.மீ. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் போகவேண்டும்.

காற்றை வண்டி கிளம்பும் முன் அளவுங்கள். ஓடிய டயரில் அளந்து, "அதிகமா இருக்கே" என்று பிடுங்கிவிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். 30 டிகிரியில் 32 பவுண்டு இருந்த காற்று, டயர் 60 டிகிரி ஆனால் 36-க்கு மேல் காட்டும். வாயு விதி, தம்பி, செகண்ட் செமஸ்டர். அதைப் பிடுங்கினால் மறுநாள் காலை 28-ல் கிளம்புவீர்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆழம் அளக்கும் கருவியும் காற்றழுத்த மீட்டரும் என் பையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் வண்டி ஸ்டாண்டில் வேப்ப மரத்தடியில் இருப்பேன். உங்கள் டயரில் அந்த நாலு எண் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடலாம். என் அறைத்தோழரும் வருவார். அவர்தான் நோட்டில் எழுதுவார்.

(மலருக்காகச் சேர்த்தது: அன்று 23 வண்டிகளைப் பார்த்தோம். காற்று சரியாக இருந்தவை ஐந்து. பின் டயரை அம்புக்குறிக்கு எதிராக மாட்டியிருந்த வண்டி ஒன்று. நாலு எண்களில் மிகப் பழையது 2016-ஐச் சேர்ந்தது. அந்த வண்டிக்காரத் தம்பி மறுநாள் திருச்சிக்குக் கிளம்ப இருந்தவர். பஸ்ஸில் போனதாக என் நண்பருக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.)