முடிச்சூர்: நீர் அறிந்த எல்லை



மேற்குத் தாம்பரத்தை அடுத்து, அடையாற்றின் கரையில் அமைந்த ஊர் முடிச்சூர். ஆற்றின் மேற்போக்கில் ஆதனூரும் மண்ணிவாக்கமும். கீழ்ப்போக்கில் திருநீர்மலையும் அனகாபுத்தூரும். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர். காலப்போக்கில் வயல்கள் மனைகளாயின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, முடிச்சூர் அதன் எல்லைக்கு வெளியே ஊராட்சியாகவே நின்றது.

ஆட்சியாளர் வகுக்கும் எல்லையை நீர் அறியாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறு கரை கடந்தது. முடிச்சூரில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர்.

அவ்வூரில் என் நண்பர் மனை வாங்கிய நாளில், பத்திரத்தை உரக்கப் படித்தவன் நானே. ‘கிழக்கே வாய்க்கால்’ என்று அதில் எல்லை குறித்திருந்தது. அந்த வாய்க்கால் எங்கே என்று நான் கேட்கவில்லை. சொல்லோடு பழகும் நானே அச்சொல்லைப் பொருளின்றிக் கடந்தேன். வெள்ளம் அவ்வழியேதான் வந்தது.

ஏரி, மதகு, கலங்கல், வாய்க்கால் ஆகியவை அணிக்காக மட்டும் உள்ள சொற்கள் அல்ல, ஊரின் எல்லைக்கற்கள். அவரவர் ஊரில் அவை இருக்குமிடத்தைக் கண்டறிந்த பின்னரே பாடுவோம்.