கண்ணீர் ஊற்றி வளர்த்த மரம்

(தலைப்பு: குழந்தைகளுக்குச் சொல்லும் மாயக் கதைகளில் சோகம் வேண்டுமா, வேண்டாமா? 'வேண்டும்' அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசின சகோதரி சொன்னாங்க, "மாயக் கதைன்னா குழந்தை சிரிச்சுக்கிட்டே தூங்கணும். அதுல சாவும் அழுகையும் எதுக்கு?"ன்னு. அம்மா! நாம அம்புலிமாமாவில என்ன படிச்சோம்? நடுராத்திரி, சுடுகாடு, முருங்கை மரத்துல தொங்குற பிணம், அதுக்குள்ள வேதாளம்! அதைப் படிச்சுட்டு யாராவது முருங்கைக்காய் சாம்பார் வேண்டாம்னு சொன்னோமா? (சிரிப்பு, கைதட்டல்)

சரி, சிண்ட்ரெல்லா கதைக்கு வருவோம். பூசணிக்காய் தேராகுது, தேவதை வந்து உடுப்பு கொடுக்குது. இது 1697-ல் பிரான்ஸில் சார்ல் பெரோ எழுதினது. 1950-ல் டிஸ்னி படமா எடுத்ததும் இதைத்தான். ஆனா ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில பூசணிக்காயும் கிடையாது, தேவதையும் கிடையாது. ஒரு மரம்தான் இருக்கு. அம்மாவைப் புதைச்ச இடத்துல அந்தப் பொண்ணு ஒரு ஹேசல் மரக் குச்சியை நடுறா. தண்ணி ஊத்தல ஐயா, அழுது அழுது கண்ணீராலேயே வளர்க்கிறா. அந்த மரம்தான் பின்னால அவளுக்குப் பொன்னாடையும் வெள்ளியாடையும் உதிர்க்குது. சொல்லுங்க, எந்தக் கதை அம்மா இல்லாத குழந்தைக்கு ஆறுதல்? பூசணிக்காயா, அந்த மரமா? (கைதட்டல்)

அது பழைய கதைம்பாங்க. ஹாரி பாட்டரை எடுத்துக்குங்க. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துல ஒரு வில்லோ மரம். பக்கத்துல போனா கிளையால விளாசித் தள்ளும். இரண்டாவது புத்தகத்துல, பறக்கும் காரில் வந்து மோதுற பசங்களை அது அடிக்கிற அடியில நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். 1999-ல் மூன்றாவது புத்தகம் வந்தது. அந்த மரம் ஏன் வந்ததுன்னு அதுல சொல்றாங்க. லூபின்னு ஒரு பையன். சின்ன வயசுல ஓநாய் மனிதன் கடிச்சதால, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவனும் ஓநாயா மாறிடுவான். அவனுக்குப் படிக்க இடம் கொடுத்த தலைமையாசிரியர், பௌர்ணமி ராத்திரியில அவன் ஒதுங்கிப் போக ஒரு சுரங்கப் பாதை வச்சார். அந்த வாசலுக்குக் காவலாத்தான் அந்த மரத்தை நட்டாங்க. மரத்தோட கோபத்தைப் பார்த்துச் சிரிச்ச குழந்தை, அது ஒரு பையனோட வேதனையை மறைக்க நட்ட மரம்னு தெரிஞ்சதும் என்ன செய்யும்? பயப்படாது ஐயா, இரக்கப்படும். தன் வகுப்புல யார்கூடவும் சேராம கடைசி பெஞ்சில இருக்கிற பையனைத் திரும்பிப் பார்க்கும். (பலத்த கைதட்டல்)

எதிரணியினர் சொல்லலாம், பிஞ்சு மனசு தாங்காதுன்னு. வீட்ல தாத்தா இறந்துட்டா நாம என்ன செய்றோம்? குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்"ங்கறோம். அது தினமும் வாசல்ல நின்னு பார்க்குது. கேள்வி கேட்டா அதட்டுறோம். துக்கம் அந்தக் குழந்தைக்கு வந்தாச்சு ஐயா! அதைச் சொல்ல வார்த்தைதான் இல்லை. அந்த வார்த்தையைக் கொடுக்கிறதுதான் கதை.

எல்லா வயசுக்கும் எல்லாத்தையும் சொல்லுங்கன்னு நான் சொல்லலை. மூணு வயசுக்கு வேதாளம் வேண்டாம். தூங்காம நம்மளைத்தான் படுத்தும். (சிரிப்பு) ஆனா சொல்ற கதையில வேரை வெட்டிட்டு வெறும் பூவை மட்டும் கையில கொடுக்காதீங்க. குழந்தையை மடியில உட்கார வச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த இருட்டையும் சொல்லுங்க. பயந்தா கட்டிக்க நீங்க பக்கத்துலயே இருக்கீங்க.

ஆகவே, மாயக் கதைகளில் சோகமும் வேண்டும், வேண்டும் என்று கூறி விடைபெறுகிறேன். (கைதட்டல்)